நுரையீரல் ஆபரேஷனுக்கு அப்பாவை எப்படித் தயார்ப்படுத்துவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. 30 வருடங்களுக்கு மேலாக பீடி குடிக்கிறார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் புற்றுநோய் இருப்பதாகவும், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாம் என்றும் டாக்டர் சொல்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் ஆபரேஷன். அப்பாவிடம் 'சளிக்கட்டி' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். கத்தி வைத்தால் புற்று பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அதன்பிறகு அவரால் பழையபடி நடமாட முடியுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். வலது நுரையீரலில் மூன்று மடல்கள் உண்டு. மேல் மடலை எடுத்தால், மீதி இரண்டும் விரிந்து அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பிக்கொள்ளும். ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும், மாடிப்படி ஏற வைத்துப் பார்ப்பதும் மீதி நுரையீரல் தாங்குமா என்று கணக்குப் போடத்தான். 1933இல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை நிபுணர் ஒரு நோயாளியின் இடது நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். அந்த நோயாளி ஒரு டாக்டர். திரும்ப வேலைக்குப் போய் இன்னும் 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையல்ல. ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில், திறந்து பார்த்தால் நோய் ஏற்கெனவே பரவியிருக்கும், அப்படியே மூடிவிடுவார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. இந்தப் பேச்சு அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் செய்யலாம் என்று உங்கள் டாக்டர் சொல்வதே நல்ல செய்தி. ஆபரேஷன் செய்யும் கட்டத்தை நோய் தாண்டிய பிறகு வருபவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

எனக்குக் கவலை தருவது அந்த 'சளிக்கட்டி'தான். பாசத்தில் மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இந்த ஆபரேஷனில் பாதி வேலை நோயாளியுடையது. சாதாரணச் சளிக்கட்டிக்காக 30 வருடப் பழக்கத்தை எந்த மனிதர் விடுவார்? மார்பு வலிக்க வலிக்க ஏன் இருமுவார்? டாக்டர் முன்னிலையில், நீங்களும் அம்மாவும் பக்கத்தில் இருக்க, அவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் நடக்கும் குசுகுசுப்பை வைத்து அவர் பாதி ஊகித்திருப்பார்.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் குறைந்துவிடும். சளியை வெளியே தள்ளும் நுண்ணிய இழைகள் தேறச் சில வாரங்கள் ஆகும். விட்ட புதிதில் இருமல் கூடினாலும் பயப்பட வேண்டாம். பீடியை விட்டு இத்தனை நாள் ஆகட்டும் என்று ஆபரேஷனை நீங்களாகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மருந்துக்கடையில் மூன்று பந்து வைத்த மூச்சுப்பயிற்சிக் கருவி கிடைக்கும். பலர் அதை ஊதுகிறார்கள். தவறு! மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை, இப்போதிருந்தே. தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தாராளமாகக் கொடுங்கள். முட்டை சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்று ஆபரேஷனுக்குப் பிறகு பத்தியம் வைக்காதீர்கள். புண் ஆறப் புரதம்தான் வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிட்டால் மயக்க மருந்து டாக்டரிடம் சீட்டைக் காட்டுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது விலாவில் ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு பாட்டிலும் இருக்கும். பாட்டிலில் குமிழி வந்தால் பதற வேண்டாம். நுரையீரலின் வெட்டிய ஓரத்திலிருந்து கொஞ்சம் காற்று கசியும். பெரும்பாலும் சில நாளில் தானாக நின்றுவிடும். பாட்டில் மட்டும் எப்போதும் மார்புக்குக் கீழே இருக்கட்டும்.

நம் ஊர் ஆண்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். இங்கே அது ஆபத்து. வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமமாட்டார். சளி தங்கி நிமோனியா வந்துவிடும். வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். ஒரு தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுநாளே நடக்க வைப்பார்கள். "பாவம், படுக்கட்டும்" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சிறு துளை வழியாகச் செய்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பலாம். விலாவைத் திறந்து செய்தால் சில நாள் கூடும். பழைய தெம்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தையலுக்கு முன்பக்கம் மரத்துப்போனது போலிருப்பதும், சில வாரம் வறட்டு இருமல் இருப்பதும் வழக்கம்தான். வலது தோள் இறுகிவிடாமல் இருக்க, விரல்களால் சுவரில் ஏறுவது போலக் கையை உயர்த்தப் பழகட்டும். டாக்டர் சொல்லும்வரை பைக் ஓட்டுவதும் கனமான பொருளைத் தூக்குவதும் வேண்டாம்.

காய்ச்சல், திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், தையலில் சீழ் – இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், எடுத்த மடலும் நெறிக்கட்டிகளும் பயாப்ஸிக்குப் போகும். கீமோவோ மாத்திரையோ தேவையா என்பது அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவாகும். டாக்டர் அதை விளக்கும்போது, அப்பாவும் உங்களோடு உள்ளே உட்கார்ந்திருக்கட்டும்.