இயற்பியல் தேர்வுக்கு 3 வாரம்; டீச்சருக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: பாம்பன் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறார். இயற்பியல் தேர்வுக்கு 3 வாரம்தான் இருக்கிறது; திருப்புதல் தேர்வில் 70-க்கு 19. கணக்கு என்றாலே பயம். எங்கள் டீச்சர் சாயந்தரம் 6 மணி வரை இருந்து சொல்லித் தருகிறார். தண்ணீரின் ஆழம் குறைவாகத் தெரிவதை, அதாவது தோற்ற ஆழத்தை, அவர் படகை வைத்து விளக்கிய நாளில்தான் எனக்கு இந்தப் பாடமே பிடித்தது. அவருக்குச் சேலை எடுக்க ஆளுக்கு 200 ரூபாய் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. எப்படிப் படிப்பது, எப்படி நன்றி சொல்வது?

பதில்: தம்பி, முதலில் தேர்ச்சிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15. செய்முறையை ஒழுங்காகச் செய்திருந்தால், 19 எடுத்த நீ ஏற்கெனவே கரையில் நிற்கிறாய். இனி மதிப்பெண்ணை ஏற்றுவதுதான் வேலை.

வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. அடுத்து 2 மதிப்பெண், 3 மதிப்பெண் இரண்டிலும் 9-க்கு 6 எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வினா கட்டாயம், பெரும்பாலும் அது கணக்காகத்தான் இருக்கும். 5 மதிப்பெண் ஐந்துக்கும் 'அல்லது' உண்டு. ஆகவே 11 பாடத்தையும் இப்போது முதலிலிருந்து தொடாதே. வீட்ஸ்டன் சமனச்சுற்று, மின்மாற்றி, லென்சு உருவாக்குபவர் சமன்பாடு, யங் இரட்டைப்பிளவு என்று பத்துப் பன்னிரண்டு பெரிய வினாக்களைத் தேர்ந்துகொள். படிக்காதே, எழுது. புத்தகத்தை மூடிவிட்டுப் படம் போட்டு, வருவித்து, எங்கே நின்றுபோனாய் என்று பென்சிலால் கோடு போட்டு வை. பாடத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களைத் தினமும் காலையில் முடித்துவிடு. தேர்வில் அ, ஆ என்ற குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுது.

கணக்குப் பயத்துக்கு மருந்து உன் டீச்சரே கொடுத்துவிட்டார். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3. நேர் மேலே நின்று பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடியாகத்தான் தெரியும். படகிலிருந்து அடிமணலைப் பார்த்தவனுக்கு இது தெரிந்த விஷயம். அதைத்தான் தோற்ற ஆழம் = உண்மை ஆழம் வகுத்தல் ஒளிவிலகல் எண் என்று எழுதுகிறோம். ஒவ்வொரு சூத்திரத்தையும் இப்படி ஒரு காட்சியோடு கட்டி வை. விடையில் அலகை விட்டுவிடாதே.

சாயந்தர வகுப்புக்கு வெறுங்கையோடு போகாதே. "ஒன்றும் புரியவில்லை டீச்சர்" என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? அந்தப் பென்சில் கோடுகளோடு போய், "இந்த வரிக்கு அப்புறம் நிற்கிறது" என்று கேள். நானும் இந்தக் கடற்கரையில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். நாள் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்தவருக்கு, அப்படி ஒரு கேள்வியோடு வரும் பிள்ளையைப் பார்த்தால் களைப்பே போய்விடும்.

சேலை வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர் சங்கடப்படுவார். வகுப்பிலும் இதை எடுத்துச் சொல், 200 ரூபாய் இல்லாதவன் நீ ஒருவனாக இருக்க மாட்டாய். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதுங்கள். "நீங்கள் நல்ல டீச்சர்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நாள், எந்தப் பாடம், அவர் சொன்ன எந்த வார்த்தையில் உனக்குப் புரிந்தது என்று எழுது. ராமேசுவரத்தில் அப்துல் கலாமின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியும் பிள்ளைகளுக்குப் புரியாததால் அவர்களைக் கடற்கரைக்கே கூட்டிப்போனார். கலாம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு வகுப்பை, ஆசிரியரின் பெயரோடு, சொல்லிக்கொண்டே இருந்தார். உனக்கு உன் டீச்சரின் படகு விளக்கம் இருக்கிறது, அதை எழுது.

கடிதத்தைக் கடைசித் தேர்வு முடிந்த பிறகு கொடு. முடிவு வந்ததும், மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போகும்போது நேரில் ஒருமுறை பார். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், அப்பாவும் கரையில்தான் இருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு போ.