அப்பாவின் முகம் மட்டும் ஏன் உறைகிறது?

தக்கலை அம்மாவுக்கு வணக்கம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை எந்நேரமும் போனை நோண்டுகிறாள், குவைத்திலிருந்து அப்பா கூப்பிட்டால்கூடப் படம் ஏன் நிற்கிறது என்றுதான் ஆராய்கிறாள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவள் கேட்டதையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று: "யூடியூப் நிற்காமல் ஓடுகிறது, அதே நெட்டில் அப்பா முகம் மட்டும் ஏன் உறைகிறது?" அம்மா, இது பொறியியல் கேள்வி. நல்ல கேள்வி.

யூடியூப் உங்கள் மாடித் தொட்டி மாதிரி. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வாங்கி, இனி பார்க்கப்போவதை முன்கூட்டியே நிரப்பி வைக்கும். கரண்ட் போனாலும் தொட்டியில் இருக்கும்வரை குழாயில் தண்ணீர் வருமல்லவா? நெட் வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் கொஞ்சம் மங்கலான தரத்தில் வாங்கிக்கொள்ளும். அப்பாவின் பேச்சை அப்படிச் சேர்த்து வைக்க வழியில்லை. அவர் இன்னும் பேசவே இல்லையே! குரல் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துணுக்குகளாக வருகிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தொலைந்த துணுக்கைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வார்த்தைக்குப் போய்விடும். அதனால் குரலில் அந்த இடைவெளியை ஒப்பேற்றிவிடுகிறார்கள். படத்தில் பெரும்பாலும் முந்தைய காட்சியிலிருந்து மாறியது மட்டுமே வரும்; ஒன்று தொலைந்தால் பின்னால் வருவதும் சிக்கிக்கொள்ளும். அந்த உறைந்த முகம் இதனால்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) எதில் சேர்ந்தாலும் நெட்வொர்க் பாடம் வரும். நாகர்கோவில் கோணம் பகுதியில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள். 'மல்டிமீடியா' என்று போர்டு வைத்த இடங்களில் பெரும்பாலும் எடிட்டிங்கும் அனிமேஷனும்தான் சொல்லித் தருவார்கள். அதுவும் நல்ல தொழில்தான், ஆனால் இவள் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். நெட்வொர்க் பாடத்துக்குத் தேவைப்படும் என்பதால், கணக்கில் நிகழ்தகவை மட்டும் அவள் கைவிடக் கூடாது. வேலைக்கு வெகுதூரம் அனுப்ப வேண்டுமோ என்றும் கலங்க வேண்டாம். திருவனந்தபுரம் டெக்னோபார்க் நமக்குப் பக்கம்தான்.

அப்புறம், வயர்ஷார்க் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அப்பாவின் அழைப்பை லேப்டாப்பில் எடுத்து, அதையும் திறந்து வைக்கட்டும். துணுக்குகள் வரிசையாக ஓடுவதைக் கண்ணால் பார்ப்பாள். முதலில் அப்பாவோடு ஆற அமரப் பேசட்டும். பிறகு பத்து நிமிடம் லைனை வெட்டாமல் இருக்கும்படி அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.