உறுதியில் 'வயல்' என்றிருந்தால் வீட்டு அனுமதி

யாழ்ப்பாணம் கோப்பாயில் உங்கள் இரண்டு பரப்புக் காணியின் உறுதிப் பத்திரத்தில் வயல் என்றிருப்பதால் பிரதேச சபை வீட்டு வரைபடத்தைத் திருப்பிவிட்டது என்கிறீர்கள். சபையோடு வாதாடிப் பயனில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, வயலை நிரப்பவோ அதில் கட்டவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். முதலில் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். காணி மழைவெள்ளம் வழிந்தோடும் பள்ளமா, நிரப்பினால் பக்கத்து வயல்களுக்கு நீர் மறிபடுமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குள் மண் கொண்டுவந்து கொட்ட மட்டும் அவசரப்படாதீர்கள், தயவுசெய்து. அனுமதியில்லாமல் நிரப்புவதே குற்றம்.

அப்புறம்தான் சபை. வரைபடத்தில் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் தெளிவாகக் குறியுங்கள், அயல்வீட்டுக் கிணறு உட்பட. நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவு நிலத்தடி நீரோடு சுலபமாகக் கலந்துவிடும். சுகாதாரப் பரிசோதகர் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. காணிக்குப் போகும் ஒழுங்கையின் அகலத்தையும் போடுங்கள்.