ஸ்காட்லாந்தில் கரண்ட் முழுக்கக் காற்றாலையிலிருந்துதான் வருகிறதா? அங்கே படிக்கப் போகிறேன், பில் கம்மியாக வருமா?

வராது. இந்த ஒரு வார்த்தை போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காற்று ஓசி, அதனால் கரண்டும் ஓசி என்று ஊரில் சித்தப்பா ஒருவர் எனக்கு ஃபோனிலேயே பாடம் எடுத்திருக்கிறார். அவருக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் அபர்டீனுக்குத்தான் வருவீர்கள் என்று நினைக்கிறேன். நான் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், எலெக்ட்ரிகல் ஆள் இல்லை. அதனால் "வோல்டேஜ் தெரியுமா, ஃப்ரீக்வென்சி தெரியுமா" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். கரண்ட் இல்லாமல் நாலு நாள் கிடந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஆர்வென் புயல். அப்போது நாங்கள் அபர்டீனுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருந்தோம். சன்னலைத் திறந்தால் எதிர் மேட்டில் ஒரு பண்ணைக்காரருடைய மூன்று காற்றாலைகள் தெரியும். அதைப் பார்த்துத்தான் என் மனைவிக்கு வீடே பிடித்தது. சாயங்காலம் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டுப் போய்விட்டது. கூடவே ஹீட்டரும். அங்கே கேஸ் லைன் கிடையாது, எண்ணெய் பாய்லர்தான். தொட்டி நிறைய எண்ணெய் இருந்து என்ன, அதைப் பற்றவைக்கவும் பம்ப் ஓடவும் கரண்ட் வேண்டுமே! கணப்படுப்பை வீட்டு ஏஜென்சிக்காரர்கள் முன்பே பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

காலையில் பார்த்தால் மேட்டில் மூன்றும் அசையாமல் நிற்கின்றன. வெளியே இன்னும் நல்ல காற்று. "இவ்வளவு காத்து அடிக்குது, அது ஏங்க நிக்குது?" என்று மனைவி கேட்டாள். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். காற்று வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலான காற்றாலைகள் இறக்கையைத் திருப்பிக்கொண்டு தானாக நின்றுவிடும். அது புயலுக்கு. காற்று குறைந்த பிறகும் ஏன் ஓடவில்லை? அது இணைந்திருக்கும் லைன் செத்துக் கிடந்தால், அதுவும் கரண்ட் அனுப்பாது. அனுப்பினால் கம்பியைச் சரிசெய்யும் ஆளுக்கு ஆபத்து. எதிரிலேயே மூன்று காற்றாலை இருந்தும் எங்கள் வீட்டில் ஒரு பல்பு எரியாததற்கு இதுதான் காரணம்.

இங்கே வழக்கமாகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். மரங்களும் அதற்கு ஈடுகொடுத்தே வேர் பிடித்திருக்கும். ஆர்வென் வடக்கு, வடகிழக்கிலிருந்து அடித்தது. லட்சக்கணக்கில் மரங்கள் சாய்ந்து கம்பிகளின் மேல் விழுந்தன. பிரிட்டன் முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் வீடுகளில் கரண்ட் போனது. சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் வரவில்லை.

எட்டு மாதக் குழந்தை வேறு. வீட்டுக்குள் ஏழு டிகிரி. தோசை மாவு மட்டும் கெடவில்லை, வீடே ஃப்ரிட்ஜாக இருந்ததே! பக்கத்துப் பண்ணைத் தாத்தா கேம்பிங் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதில்தான் பால் காய்ச்சினோம். "ஹைட்ரோ சனிக்கிழமையே வந்துவிடுவான்" என்று தைரியம் சொன்னார். வடக்கே பெரியவர்கள் மின்சாரக் கம்பெனியை இன்னும் ஹைட்ரோ என்றுதான் சொல்வார்கள். 1943-இல் டாம் ஜான்ஸ்டன் ஸ்காட்லாந்து அமைச்சராக இருந்தபோது, மலைப்பக்கத்து ஊர்களுக்கு நீர்மின்சாரம் கொண்டுபோக ஒரு வாரியத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். அந்த வாரியம் என்றைக்கோ போய்விட்டது, பேச்சில் பெயர் மட்டும் நிற்கிறது. தாத்தா சொன்ன ஹைட்ரோ வந்தது செவ்வாய்க்கிழமை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே உற்பத்தியில் முதலிடம் காற்றுக்குத்தான். கிளாஸ்கோ பக்கத்து வைட்லீயில் மட்டும் 215 காற்றாலைகள், 539 மெகாவாட். பீட்டர்ஹெட் கடலில் 2017 முதல் மிதக்கும் காற்றாலைகளே ஓடுகின்றன. ஆனால் எடின்பரோவுக்குக் கிழக்கே டார்னெஸ் அணுமின் நிலையம் இருக்கிறது, 1988-இலிருந்து. பீட்டர்ஹெட்டில் கேஸ் நிலையம். நிலக்கரி 2016-இல் லாங்கானெட் நிலையத்தை மூடியதோடு முடிந்தது. மீதிக்கு மலையும் மழையும் தருகிற நீர்மின்சாரம்.

2022-இல் ஸ்காட்லாந்து செலவழித்த மின்சாரத்தில் 113 சதவீதத்துக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தயாரானது. சித்தப்பா பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். இது வருடக் கணக்கு. காற்று கொட்டுகிற நாளில் மிஞ்சுவது தெற்கே இங்கிலாந்துக்குப் போகும். காற்றில்லாத நாளில் அங்கிருந்து வாங்கவும் வேண்டியிருக்கும். கணக்குக்காரன் பாஷையில் சொன்னால், வருட முடிவில் லாபம் காட்டுகிற கடையிலும் செவ்வாய்க்கிழமை கல்லாவில் சில்லறை இருக்காது.

அந்தச் சில்லறைக்குத்தான் குரூவக்கன் மாதிரி இடம். 1965-இல் திறந்தது. ஒரு மலையைக் குடைந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி டர்பைன்களை வைத்திருக்கிறார்கள். புயலுக்கு இரண்டு வருடம் முன்னால் போய்ப் பார்த்தோம். வெளியே நடுங்கும் குளிர், உள்ளே நம்மூர் சமையலறை மாதிரிப் புழுக்கம். கரண்ட் மிஞ்சும்போது கீழே ஏரியிலிருந்து தண்ணீரை மலைமேல் அணைக்கு ஏற்றிவிடுவார்கள், தேவைப்படும்போது திறந்துவிட்டால் இரண்டு நிமிடத்துக்குள் உற்பத்தி ஆரம்பம். இன்னும் நாலு குரூவக்கன் வேண்டும் என்பது என் கட்சி.

பில் ஏன் குறையவில்லை? பிரிட்டன் முழுக்க மின்சாரத்துக்கு ஒரே மொத்த விற்பனை விலை. அதைப் பெரும்பாலும் கேஸ்தான் தீர்மானிக்கிறது. பகுதிக்கொரு விலை வைக்கலாம் என்று பேசினார்கள், 2025 ஜூலையில் அரசு வேண்டாம் என்று விட்டது. தெற்கே போகும் கம்பிகள் கொள்ளாத நாட்களில் இங்கே காற்றாலையை நிறுத்தப் பணம், அங்கே கேஸ் நிலையத்தை ஓட்டப் பணம். இரண்டும் நம் பில்லில்தான் ஏறும். இதைச் சொன்னால் காற்றாலைக்கு எதிரி என்று முத்திரை குத்துவார்கள். நான் எதிரி இல்லை. கம்பியும் சேமிப்பும் போடாமல் காற்றாலையை மட்டும் நட்டுவிட்டு ஃபோட்டோ எடுப்பதற்கு எதிரி.

இத்தனைக்கும் காற்றில் மின்சாரம் எடுத்துத் தன் வீட்டுக்கு முதலில் விளக்கு ஏற்றிய ஜேம்ஸ் பிளைத், எங்களிடமிருந்து ஒரு மணி நேரத் தூரத்து மேரிகர்க்கில்தான் அதைச் செய்தார். 1887-இல். மிஞ்சியதைத் தெருவிளக்குக்குத் தருகிறேன் என்றாராம், ஊர்க்காரர்கள் சாத்தானின் வேலை என்று மறுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் பேட்டரி இருந்தது. 134 வருடம் கழித்து எங்கள் வீட்டில் மெழுகுவத்தி.

மெழுகுவத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. வீடு எடுக்கும்போது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காலி செய்தபோது அந்த ஏஜென்சி கம்பளத்தில் மெழுகுக் கறை என்று எங்கள் டெபாசிட்டில் 120 பவுண்டு பிடித்தது. ஒரு பைசா அளவுக் கறை. பக்கத்தில் நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள், ஏதோ கொலை நடந்த இடம் மாதிரி. கணப்படுப்பை அடைத்தது யார் என்று எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. மேலே காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்தால் மெழுகு வந்துவிடுமே என்று அம்மா சொன்னது நாலு மாதம் கழித்து.