முகத்துவாரத்தில் விழித்திருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகள் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறாள். வரும் ஜூன் மாதம் என்னையும் என் கணவரையும் ஒரு சிறிய கப்பலில் அனுப்பி வைக்க முன்பணம் கட்டிவிட்டாள். ஸ்டாக்ஹோமில் ஏறி, தாலின், கிடான்ஸ்க், கோபன்ஹேகன், லூபெக் பார்த்துவிட்டு, கீல் கால்வாய் வழியாக ஹாம்பர்க்கில் இறங்குகிறோம். "ஊருக்கு எட்டு மணி நேரம், இதெல்லாம் பார்த்ததாகவே கணக்கில்லை, அந்தக் காசுக்கு ரயிலில் போய் இரண்டே ஊரில் நிதானமாகத் தங்கலாம்" என்கிறார் என் தோழி. எனக்கும் மனசு உறுத்துகிறது. என் கணவருக்கு முட்டி வலி வேறு. இருவரும் சைவம். நீங்கள் அந்தப் பால்டிக் கடலில் கப்பலில் போனதைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். போகலாமா? எதை விடாமல் பார்க்க வேண்டும்?

சா., மயிலாடுதுறை

அன்புள்ள சா.,

தயங்காமல் போங்கள். உங்கள் தோழி சொல்வது முழுக்கத் தப்பில்லை. எட்டு மணி நேரத்தில் ஒரு ஊர் பிடிபடாது. ஒவ்வொரு துறைமுகத்திலும் சுற்றுலாப் பேருந்தில் ஏறி ஒன்பது இடம் பார்த்து இறங்குவதாக இருந்தால், ரயிலே மேல் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நீங்கள் போகிற ஊர்களில் பெரும்பாலானவை ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்காகப் பிறந்தவை. விஸ்துலா ஆற்றின் வழியாக வந்த தானியத்துக்காக ஒன்று, உப்புக்காக ஒன்று. தண்ணீரிலிருந்து வருகிறவன் பார்வைக்காகக் கட்டிய ஊர்களுக்கு நாம் ரயில் நிலையத்தின் பின்வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். நீங்கள் முன்வாசல் வழியாகப் போகிறீர்கள். அதனால் கரையில் கிடைக்கிற எட்டு மணியை எண்ணிக் கவலைப்படாதீர்கள், கப்பல் உள்ளே நுழைகிற நேரமும் வெளியே போகிற நேரமும்தான் இந்தப் பயணம், அப்போது தூங்காமல் மேல்தளத்தில் இருந்தால் போதும்.

இதை நான் தெரியாமல் ஒருமுறை இழந்தேன். ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய மாலையில், சாப்பாட்டு நேரம் என்று கீழே இறங்கிவிட்டேன். அந்த நகரத்துக்கும் திறந்த கடலுக்கும் நடுவே ஏறக்குறைய 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் இருக்கின்றன. கப்பல் மணிக்கணக்காக அவற்றுக்கு ஊடே வளைந்து வளைந்து போகும், சில இடங்களில் கரையில் துணி காயப்போடுகிறவரின் முகம்கூடத் தெரியும். நான் மேலே வந்தபோது தீவுகள் முடிந்து வெறும் கடல்தான் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஜூனில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சாப்பாட்டை அன்று ஒருநாள் முன்னால் முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுங்கள்.

கப்பல் ஏறும் முன்பே வாசா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, ஏறக்குறைய 1,300 மீட்டர் போனதும் கவிழ்ந்து மூழ்கிய போர்க்கப்பல் அது. 1961இல் கிட்டத்தட்ட முழுசாக மேலே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அதில் வாழ முடியாது. அதனால்தான் 333 வருடம் தண்ணீருக்கடியில் கிடந்தும் அந்தச் செதுக்கல்களை நீங்கள் பார்க்க முடிகிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடலில் போவது வேறு மாதிரி இருக்கும்.

தாலினில் கோட்டைச் சுவரோரம் நடந்தாலே போதும், ஆனால் தெருவெல்லாம் உருட்டுக்கல் பாவியது, முட்டிக்கு ஆகாது. உங்கள் கணவர் சந்தைச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிடான்ஸ்கில் எல்லாரும் மோட்லாவா ஆற்றங்கரையில் நிற்கும் பழைய மரப் பாரந்தூக்கியைப் படம் எடுப்பார்கள். அதன் உள்ளே பெரிய சக்கரங்கள் இருக்கும், ஆட்கள் அதற்குள் நடந்து நடந்துதான் சுமையைத் தூக்கினார்கள். 1945இல் எரிந்து, பிறகு திருப்பிக் கட்டியது. அந்த நகர மையமே பெரும்பாலும் அப்படித்தான். அதைப் பார்த்த கையோடு ஒரு வாடகைக் கார் பிடித்துக் கப்பல் கட்டும் தளத்தின் வாசலுக்குப் போங்கள். 1970 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக மூன்று பெரிய சிலுவைகள் அங்கே நிற்கின்றன, 42 மீட்டர் உயரம். 1980 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் 21 கோரிக்கைகளை இரண்டு மரப்பலகையில் எழுதி அந்த வாசலில்தான் மாட்டினார்கள். சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் அங்கிருந்து கிளம்பியது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொன்ன உங்களுக்கு அந்த இடத்தில் பேச்சு வராது, எனக்கும் வரவில்லை.

லூபெக்குக்குக் கப்பல் போகாது, டிராவமுண்டவில் நிற்கும். அங்கிருந்து ரயிலில் சுமார் இருபது நிமிடம். ஹோல்ஸ்டன் வாசல் என்ற பழைய நகர வாயிலுக்குப் பக்கத்தில் ஆற்றோரம் வரிசையாக நிற்கும் செங்கல் கட்டடங்கள் உப்புக் கிடங்குகள். லூனெபர்க் உப்பு ஆற்றிலும் கால்வாயிலும் படகில் இங்கே வந்து, இங்கிருந்து சுவீடனின் தென்கோடிக்குப் போய், மத்தி மாதிரியான ஹெர்ரிங் மீனோடு பீப்பாயில் அடைபட்டது. நோன்பு நாளில் கறி சாப்பிடாத ஒரு கண்டம் முழுக்கவும் அந்தக் கருவாட்டை வாங்கியது, லூபெக் பணக்கார ஊரானது. அங்கே மரியன்கிர்ஷே என்ற தேவாலயத்துக்கு அவசியம் போங்கள். 1942 மார்ச் கடைசியில் நடந்த குண்டுவீச்சில் கோபுரம் எரிந்து மணிகள் கீழே விழுந்தன. விழுந்து நொறுங்கிய இடத்திலேயே அவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். வேறெதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். முன்பதிவிலேயே சைவம் என்று எழுதச் சொல்லுங்கள், முட்டையும் மீனும் கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். போலந்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியரோகி கொழுக்கட்டை நன்றாக இருக்கும், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பைப் பொரித்துத் தூவுவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லூபெக்கில் மார்சிபன் என்ற பாதாம் இனிப்பு. விசா ஒன்று போதும், எல்லாமே ஷெங்கன் நாடுகள். காற்றுத் தாங்கும் மேல்சட்டை ஆளுக்கொன்று வேண்டும், ஜூன் என்று ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம், எந்தப் பயணத் திட்டத்திலும் ஊர்ப் பெயரை நம்பாமல் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள். "பெர்லின்" என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பது வார்னமுண்டவில், அங்கிருந்து பெர்லின் போகவே மூன்று மணி நேரம் ஆகும்.

இனி உங்களிடம் சொல்ல நான் மிகவும் ஆசைப்படுகிற விஷயம். கோபன்ஹேகனில் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் கட்டிய பழைய வணிக மாளிகை பொர்சன் இருக்கிறது. 2024 ஏப்ரல் 16 அன்று அது தீப்பிடித்து, நான்கு டிராகன்களின் வால்களை முறுக்கிச் செய்த அதன் கூம்பு சரிந்து விழுந்தது. திருப்பிக் கட்டும் வேலையைப் பார்க்கவாவது போங்கள். 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர் இதே மன்னர்தான். அவர் 1618இல் அனுப்பிய கப்பல்கள்தான் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தரங்கம்பாடிக்கு வந்தன. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆகி, கோட்டை எழும்பியது.

அப்புறம் கப்பல் கீல் கால்வாய்க்குள் நுழையும். 1895இல் திறந்த அந்தக் கால்வாய் கிட்டத்தட்ட 98 கிலோமீட்டர். மேலே போகும் பாலங்களுக்கு அடியில் 42 மீட்டர்தான் இடம், அதனால்தான் உங்களுக்குச் சிறிய கப்பல். இரண்டு பக்கமும் மாடு மேயும், சைக்கிளில் போகிறவர்கள் கை காட்டுவார்கள், குறுக்கே போகிற படகுகளில் யாரிடமும் காசு வாங்குவதில்லை. கடைசி மதகைத் தாண்டி எல்பே ஆற்றில் இறங்கியதும் கப்பலின் இடப்பக்கம் போய் நில்லுங்கள். சிறிது நேரத்தில் குளூக்ஸ்டாட் என்ற ஒரு சின்ன ஊர் வரும். ஹாம்பர்க்கின் வியாபாரத்தைப் பறிப்பதற்காக 1617இல் அதே கிறிஸ்டியன் உண்டாக்கிய ஊர். ஹாம்பர்க்கை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தரங்கம்பாடியையும் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். சின்ன வயதில் டேனிஷ் கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மன்னரின் இன்னொரு கனவு உங்கள் கண்முன்னால் மெதுவாக நகர்ந்து போகும்.

அதற்கும் மேலே வேடல் என்ற இடத்தில், பகல் வேளை என்றால், உள்ளே வரும் பெரிய கப்பலுக்கு அது எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் வாசித்து வரவேற்பார்கள். 1952இலிருந்து இது நடக்கிறது. அதே பக்கம் பிளாங்கனேசே குன்றின் வீடுகள், பிறகு ஹாம்பர்க்.

அங்கே துறைமுகத்தைப் பார்க்கத் தனியாகச் சுற்றுலாப் படகு எடுக்க வேண்டாம். லான்டுங்ஸ்புரூக்கன் துறையிலிருந்து 62ஆம் எண் படகு போகிறது, ஊர்ப் பேருந்துப் பயணச்சீட்டே அதற்கும் செல்லும். ஒன்று மட்டும் கவனியுங்கள். கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்கே தினமும் இரண்டு முறை ஆறு மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், படகுத்துறை மிதந்தபடி கூடவே ஏறி இறங்கும். தண்ணீர் வற்றியிருந்தால் அதற்கு இறங்கும் பாலம் நன்றாகச் சரிந்திருக்கும். தண்ணீர் ஏறியிருக்கிற நேரத்தை மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லி அப்போது போங்கள், உங்கள் கணவர் கைத்தடி இல்லாமலே நடந்துவிடுவார்.