சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் ஆன்மாவும்

கேள்வி: ஆறு மாதமாக ஒரு தியான வகுப்புக்குப் போய்வருகிறேன். நான் உடல் அல்ல, மனம் அல்ல, பிறந்த இனமோ மொழியோ பண்பாடோ அல்ல. இவை எல்லாம் ஆன்மாவின் மேல் போர்த்தியவை என்பது தெளிவாகிவிட்டது. அதனால் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவில்லை. மகனையும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். அம்மா தினமும் சண்டை போடுகிறார். ரமணர் 'நான் யார்' என்று கேட்கச் சொன்னாரே தவிர, காவடி எடு, தமிழ் படி என்றா சொன்னார்? அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா இருக்கட்டும். முதலில் நீங்கள் கழற்றிப் போட்டதையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். உடல் நீங்கள் அல்ல. ஆனாலும் அதற்கு வேளாவேளைக்குச் சோறு போகிறது. மனம் நீங்கள் அல்ல. அதற்கு வகுப்பே நடக்கிறது. பண்பாடு நீங்கள் அல்ல என்று தெரிந்ததும் அதை மட்டும் நிறுத்திவிட்டீர்கள். அதிலும் முழுப் பண்பாட்டையும் அல்ல. வீட்டில் பேசுகிற ஆங்கிலம் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை பிராய்க்கு, அதாவது இந்த ஊர் வழக்கப்படி இறைச்சி சுட, அடுப்பு மூட்டுவதும் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். அவையும் பிறந்த பிறகு வந்து ஒட்டியவைதானே? உதிர்ந்தவை இரண்டே இரண்டு: விரதம் கேட்கிற காவடி, சனிக்கிழமை காலையில் காரை எடுக்கச் சொல்கிற தமிழ் வகுப்பு. உங்கள் ஆன்மாவுக்குச் சௌகரியம் எது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கொள்கையில் நான் குறை சொல்லவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் இதையே வழக்காடி நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய சிவஞான போதம் மொத்தம் 12 நூற்பா, 40 அடி. ஒரே மூச்சில் படித்துவிடலாம். புரிந்துகொள்ள ஆயுள் வேண்டும் என்பது வேறு விஷயம். மூன்றாம் நூற்பா முழுக்க உங்கள் பொருள்தான். 'எனது உடல்' என்கிறாயே, அப்படிச் சொல்கிறவன் யார்? கண்ணுக்கு ஓசை தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது. ஐந்தையும் அறிகிறது எது? தூங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உண்பதும் வினை செய்வதும் ஏன் நின்றுபோகின்றன? ஆகவே உடலும் புலனும் மூச்சும் ஆன்மா அல்ல. அடுத்த நூற்பாவில் மனமும் புத்தியும் அமைச்சர்கள், ஆன்மா அரசன் என்று மனத்தையும் விலக்கிவிடுகிறார்.

சரி, இத்தனை விலக்கியவர் நூலை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்? 12-ஆம் நூற்பாவில் மலம், அதாவது ஆன்மாவைப் பற்றிய அழுக்கு, கழுவியவன் என்ன செய்வான் என்று சொல்கிறார். 'அன்பரொடு மரீஇ', அதாவது அடியாரோடு கூடி, அவர்கள் 'வேடமும் ஆலயம் தானும் அரன்எனத் தொழுமே' என்கிறார். அடியார் கோலத்தையும் கோயிலையும் சிவன் என்றே தொழுவான் என்று பொருள். கோயிலுக்குப் போ என்று தொடக்கநிலைக்காரனுக்குச் சொன்னதல்ல இது, கடந்துவிட்டவனுக்குச் சொன்னது. காரணமும் சைவ சித்தாந்த மரபிலேயே இருக்கிறது. ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். ஒன்றை விட்டால் வெறுமனே நிற்காது, இன்னொன்றைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் உங்கள் மகன் இப்போது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்? ஆத்ம விசாரத்தையா, கைப்பேசியையா?

ரமணரைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அவரும் உங்களுக்குச் சாதகமாகப் பேசமாட்டார். 1896-இல் மதுரையில், 16 வயதில், உடல் செத்தாலும் நான் சாகவில்லை என்று கண்டவர் அவர். அப்புறம் திருவண்ணாமலைக்குப் போனவர் 1950-இல் உடலை விடும்வரை அந்த ஊரைவிட்டு நகரவில்லை. மலையை வலம்வந்தார். அருணாசலத்தின் மேல் உருகி உருகித் தமிழில் பாடினார். அட்சரமணமாலையை ஒருமுறை படித்துப் பாருங்கள், படிக்க முடிந்தால். காவடி எடு என்று அவர் சொல்லவில்லை, உண்மை. பிள்ளையின் படிப்பை நிறுத்து என்றும் சொல்லவில்லை.

நம் ஊர்க்கதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பதிவேடுகளை இன்றும் பார்க்கலாம். ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: எங்கே தழும்பு, எங்கே மச்சம் என்று. நீ என்பது இவ்வளவுதான் என்றது அரசு. 1950-இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்து எழுதிய மக்கள் பதிவுச் சட்டம் வந்து இன்னொரு முறை அதையே சொன்னது. உங்கள் சாட்ஸ்வொர்த்தே அந்தக் காலத்துச் சட்டங்கள் வகுத்துக் கொடுத்த குடியிருப்பு. 'உடம்பு நான் அல்ல' என்பது அந்த மனிதர்களுக்கு மாலைநேர வகுப்புப் பாடமாக வரவில்லை. பதிவேட்டில் மச்சமாகவும் தழும்பாகவும் எழுதப்பட்ட அதே உடம்பில் வேல் குத்திக்கொண்டார்கள், அதே காலால் தீ மிதித்தார்கள். உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது மறுபடி கட்டினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மெய்கண்டார் பெயர் தெரியும்? தெரியாமலே அவர் சொன்னதைச் செய்தார்கள்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். யார் காவடி பெரிது என்று கோயில் வாசலில் நடக்கிற போட்டி, கல்யாணப் பேச்சில் இன்னும் எட்டிப் பார்க்கிற சாதி, தமிழன் என்ற பெருமையைத் தவிர தமிழில் எதுவும் தெரியாத மேடைப் பேச்சு, இங்கெல்லாம் 'இது நான் அல்ல' என்று சொல்லுங்கள். நானும் பக்கத்தில் வந்து நிற்கிறேன். கமிட்டிக்காரர்கள் இருவரையும் சேர்த்தே திட்டட்டும்.

காவடி உங்கள் நேர்த்திக்கடன். எடுப்பதும் விடுவதும் உங்களுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது. மகன் கதை அப்படி அல்ல. பண்பாட்டைக் கடந்தது நீங்கள், நின்றுபோனது அவன் படிப்பு. கடக்கவேண்டுமா என்று அவன் வளர்ந்து முடிவு செய்யட்டும். அதற்குக் கடக்க ஏதாவது கையில் இருக்கவேண்டும் அல்லவா? அம்மாவின் சண்டை இதைப் பற்றித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அவருக்கு நீங்கள் புரியவைக்க எதுவும் இல்லை.

தூரம், பெட்ரோல் விலை, வாரம் முழுக்க வேலை செய்த அலுப்பு என்று நிஜமான காரணம் இருந்தால் அதைத் தமிழ் ஆசிரியரிடமே சொல்லிவிடுங்கள். அவரும் சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்தான், புரிந்துகொள்வார். பக்கத்து வீட்டுப் பையன் யாராவது அந்த வகுப்புக்குப் போனால், அவர்கள் காரில் இவனுக்கும் ஓர் இடம் கேட்டுப் பாருங்கள்.