மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் முதன்முறை ஓடுபவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில் கடற்கரைப் பூங்காவிலும் கால்வாயோரப் பாதைகளிலும் 10 கிலோமீட்டர் வரை ஓடிப் பழகியிருக்கிறேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பாதையில் ஓட விருப்பம். எந்த வழியாகப் போவது, என்ன கவனிப்பது?

பதில்: பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்தச் சுற்றை ஓடிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் முதலாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். கடற்கரையில் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டரை முடிக்கும் ஒருவருக்கு, அதே தொலைவு இங்கே இன்னும் கால் மணி நேரமாவது கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் உடல்தகுதியில் குறை ஏதும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் வேர்களும் சரளைக் கற்களும் மாறிமாறி வரும் நிலத்தில் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதுதான் காரணம்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் முழுச் சுற்று, எந்தக் கிளைவழியைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 10 முதல் 11 கிலோமீட்டர் வரும். அதை இடஞ்சுழியாக, அதாவது தண்ணீர் எப்போதும் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி ஓடுமாறு பரிந்துரைப்பேன். பூங்காவிலிருந்து புறப்பட்டு மெக்ரிட்சி இயற்கைப் பாதை வழியாக வடக்கே சென்று, வனக்காவலர் நிலையத்தைத் தொட்டு, சைம் டிராக், கோல்ஃப் லிங்க் ஆகிய பாதைகளில் இறங்கி, லோர்னி பாதை வழியாகத் திரும்புவது இந்தச் சுற்று. எதிர்த்திசையில் ஓடுபவர்களும் உண்டு. ஆனால் வேர்கள் மண்டிய மேடுபள்ளங்கள் முதல் பாதியில் வருவதால், கால்கள் புதிதாக இருக்கும்போதே அவற்றைக் கடந்துவிடலாம். களைத்துப்போன கடைசி கிலோமீட்டர்களில் காலுக்குக் கீழே ஓரளவு சமமான லோர்னி பாதை கிடைக்கும். களைத்த கால் தரையிலிருந்து போதிய உயரம் எழாது. காட்டுப்பாதையில் தடுக்கி விழுபவர்களில் பலர் அப்படித்தான் விழுகிறார்கள்.

வேர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாதையின் குறுக்கே ஓடும் வேர்களில் பலவற்றுக்கு மேற்பட்டை கிடையாது. எத்தனையோ காலணிகள் மிதித்து மிதித்து, அவை கைப்பிடிச் சுவரின் மரக்கட்டைபோல வழவழப்பாகிவிட்டன. இரவு மழை பெய்திருந்தால் அந்த வழவழப்பின்மேல் செம்மண் குழம்பு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், பார்வைக்கு உலர்ந்ததுபோலவே தெரியும். அப்படி ஒரு காலையில், இறக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியபோது வலது கால் ஒரு வேரின்மேல் பட்டு வழுக்கியது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் ஓடவே முடியவில்லை. அன்றிலிருந்து மூன்று பழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறேன். வேரின்மேல் காலை வைப்பதில்லை, தாண்டியே வைக்கிறேன். இறக்கத்தில் எட்டுவைக்கும் நீளத்தைச் சுருக்கி, பாதத்தை உடலுக்கு நேர்கீழே பதிக்கிறேன். கண்ணை மூன்று நான்கு அடி முன்னால் வைத்திருக்கிறேன், கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பார்க்கிறேன். காலணியைப் பொறுத்தவரை, அடிப்பகுதியில் பற்கள் தேயாத எந்த ஓட்டக் காலணியும் போதும். சாலையில் ஓடித் தேய்ந்துபோன பழைய இணையை மட்டும் காட்டுக்கென்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

நேரம் அடுத்து வருகிறது. இயற்கை வனப்பகுதி காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான் திறந்திருக்கும், சிங்கப்பூரில் சூரியன் எழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான். ஆகவே திறந்தவுடனே தொடங்குவது நல்லது. மாலையில் ஓடுபவர்கள், வெளியே வெளிச்சம் இருக்கும்போதே மரக்கூரையின் கீழ் இருட்டிவிடும் என்பதை நினைவில் வைத்து 6 மணிக்குள் முடித்துவிட வேண்டும். காலைக் குளிர்ச்சியை நம்பித் தண்ணீர் எடுக்காமல் போவது பலர் செய்யும் தவறு. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே வழக்கம். அப்போது வியர்வை வழியுமே தவிர எளிதில் ஆவியாகாது, உடலின் சூடும் தணியாது. அரை லிட்டர் கையில் இருக்கட்டும். வனக்காவலர் நிலையத்தில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம், கழிவறையும் அங்கே உண்டு.

மழையைவிட இடிமின்னலுக்குத்தான் அஞ்ச வேண்டும். பிற்பகல் இடிமழை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் தென்மேற்குப் பருவக்காலத்தில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையிலோ முற்பகலிலோ திடீரென்று வீசும், பெரிய கிளைகளை முறித்துப் போடும். புறப்படுமுன் வானிலைச் செயலியில் மழைப்படத்தைப் பாருங்கள். நடுவழியில் இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் அருகிலுள்ள குடிலுக்குப் போய்விடுங்கள்.

குரங்குகளைக் கட்டாயம் சந்திப்பீர்கள். நீள்வால் குரங்குகள் பாதையோரத்தில் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை ஒரு வளைவில் திரும்பியதும் ஐந்தடி தூரத்தில் தாய்க்குரங்கு ஒன்று, வயிற்றோடு ஒட்டிக்கொண்ட குட்டியுடன் இருந்தது. பிறந்து சில வாரமே ஆன குட்டிக்கு உடல்முடி கறுப்பாக இருக்கும், இதுவும் அப்படித்தான் இருந்தது. ஓட்டத்தை நடையாக்கி, அதன் கண்ணைப் பார்க்காமல், பாதையின் மறுஓரமாகக் கடந்தேன். அது தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓடியே கடந்திருந்தால் நம் வேகத்தை அது தாக்குதலாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். சரசரக்கும் பிளாஸ்டிக் பையை உணவென்று நினைக்க அவை பழகியிருக்கின்றன, எனவே எதையும் கையில் தொங்கவிடாதீர்கள். உணவு கொடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

தண்ணீரை ஒட்டிச் செல்லும் மரப்பலகைப் பாதைகளில் ஓட வேண்டாம், நடந்தே போங்கள். அவை குறுகலானவை, முதியவர்களும் குழந்தைகளும் நடப்பவை, நனைந்தால் பலகை வேரைவிட மோசமாக வழுக்கும். 2004இல் திறக்கப்பட்ட மரஉச்சித் தொங்குபாலமும் அப்படியே. 250 மீட்டர் நீளமும், உச்ச இடத்தில் 25 மீட்டர் உயரமும் கொண்ட அந்தப் பாலம் ஒருவழிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பொது விடுமுறையாக இல்லாத திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும். ஓட்டநாளில் அதைத் தவிர்த்துவிட்டு, இன்னொரு நாள் குடும்பத்தோடு நடக்கப் போவதே என் வழக்கம்.

இந்த விதிகளெல்லாம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன என்பதற்கு அந்த இடத்தின் வரலாறே பதில் சொல்லும். நகரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று வணிகர் டான் கிம் செங் 1857இல் 13,000 டாலர் நன்கொடை அளித்தார். பல தாமதங்களுக்குப் பிறகு நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டது, சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் இதுவே மூத்தது. நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் மேற்பார்வையில் 1890களில் அது விரிவாக்கப்பட்டது, அவருடைய பெயர் 1922இல் சூட்டப்பட்டது. காசுக்கட்டி, மிளகுத் தோட்டங்களுக்காகத் தீவின் பெரும்பகுதிக் காடு அழிந்துபோன நூற்றாண்டு அது. இந்த மேடுகளில் விழும் மழை கலங்காமல் நீர்த்தேக்கத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே சுற்றியிருந்த நிலம் காக்கப்பட்டது, அதனால்தான் இன்று நமக்கு ஓடுவதற்கு ஒரு காடு மிஞ்சியிருக்கிறது. சேற்றைத் தவிர்க்கப் பாதையைவிட்டு ஓரத்தில் கால்வைத்தால் பாதை அகலமாகி, மண் அரித்துத் தண்ணீரில் சேரும். சேறு இருந்தால் நடுவிலேயே போங்கள், காலணியைக் கழுவிக்கொள்ளலாம்.

பூங்காப் பகுதியில் போராளி லிம் போ செங்கின் கல்லறை இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் 1944இல் மலாயாச் சிறையில் உயிர்நீத்த அவரை 1946இல் இங்கே அடக்கம் செய்தார்கள். ஓட்டம் முடிந்து உடலைத் தளர்த்தும் நேரத்தில் அங்குவரை நடந்து வருவேன், உங்களையும் போகச் சொல்வேன்.

முதல் நாளே முழுச் சுற்றை எடுக்காதீர்கள். இயற்கைப் பாதையில் 3 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புங்கள், ஏற்றங்களில் கூச்சமின்றி நடங்கள். மறுநாள் கணுக்கால் எப்படி இருக்கிறதென்று பார்த்து, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சுற்றை முடிக்கலாம். அதுவும் பழகியபின் ரைஃபிள் ரேஞ்ச் லிங்க் வழியாகப் புக்கிட் தீமா பக்கம் போகும் கிளையைப் பிடியுங்கள். வார இறுதியிலும் அங்கே கூட்டம் குறைவு.